வோர்கேம் கண்காட்சிக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போவோம்: தமிழ்ப் பள்ளிப் பெற்றோருக்கு ஒரு திறந்த மடல்

லண்டனில் வார இறுதித் தமிழ்ப் பள்ளிகளை நடத்தும் நிர்வாகக் குழுக்களுக்கும், ஆசிரியர்களுக்கும், என்னைப் போன்ற பெற்றோருக்கும்,

வணக்கம்.

இந்த வருடச் சுற்றுலா எங்கே என்று தீர்மானிக்க எங்கள் பள்ளியில் கூட்டம் வைத்தார்கள். வழக்கம்போல ராட்டினம் சுற்றும் பூங்காவின் பெயர்தான் முதலில் வந்தது. நான் கையை உயர்த்தி, ஒரு மாறுதலுக்கு, மேசையில் பொம்மை வீரர்களை வைத்து விளையாடும் வோர்கேம் கண்காட்சி ஒன்றுக்குப் போகலாமே என்றேன். இரண்டு நிமிடம்கூடப் போகவில்லை. ஒரு தகப்பன் எழுந்து, "நாங்கள் சண்டைக்குத் தப்பி ஓடிவந்த சனம். எங்கட பிள்ளையளுக்குச் சண்டையை விளையாட்டாக் காட்டப்போறமோ?" என்று கேட்டார். எல்லோரும் தலையாட்டினார்கள். அப்புறம் சோற்றுப் பார்சலா, சான்ட்விச்சா என்று பேச்சு போய்விட்டது. எந்தப் பள்ளி என்று எழுதப்போவதில்லை. எல்லாப் பள்ளியிலும் கூட்டம் இப்படித்தான் நடக்கிறது என்று கேள்வி.

அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. ஒரு வரியில் பதில் சொல்லக்கூடிய கேள்வியும் அல்ல அது. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள்.

முதலில் இது என்ன என்று சொல்லிவிடுகிறேன். கூட்டத்தில் இருந்த பாதிப் பேர் பெயின்ட் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு பற்றைக்குள் ஓடுகிற விளையாட்டை நினைத்துக்கொண்டிருந்தார்கள் என்று பிறகு தெரிந்தது. அது வேறு, இது வேறு. இது ஒரு மண்டபம். உள்ளே வரிசையாக மேசைகள், பெரும்பாலும் ஆறடிக்கு நாலடி, சில அதைவிடப் பெரியவை. ஒவ்வொரு மேசையிலும் ஒரு நிலம்: குன்று, ஆறு, மரப்பாலம், கல்மதில், ஓட்டு வீடு, விளைந்த வயல். அந்த நிலத்தில் கையால் வர்ணம் தீட்டிய சின்னஞ்சிறு வீரர்கள் நூற்றுக்கணக்கில். வழமையான அளவு 28 மில்லிமீற்றர், அதாவது உங்கள் பெருவிரலின் மேல்கணுவை விடக் கொஞ்சம் கூட. 15, 10, 6 மில்லிமீற்றரிலும் செய்கிறார்கள். 6 மில்லிமீற்றர் குதிரைப்படையைப் பார்க்க என் அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் திரும்பவும் போடவேண்டி இருந்தது.

சதுரங்கத்தில் கட்டம் இருக்கும். இதில் இல்லை. அளவு நாடாவை நீட்டி, காலாட்படை இத்தனை அங்குலம், குதிரைப்படை இத்தனை அங்குலம் என்று நகர்த்துகிறார்கள். சுட்டது பட்டதா, பயந்து ஓடினானா, நின்று பிடித்தானா என்பதைத் தாயக்கட்டை சொல்லும். மண்டபம் முழுக்க அந்தக் கட்டைகள் உருளும் சத்தம்தான். சில மேசைகள் பார்ப்பதற்கு மட்டும். வோர்கேம் கழகக்காரர்கள் மாதக்கணக்காக உழைத்து, தாங்களே விளையாடிக் காட்டுவார்கள். சில மேசைகள் போகிறவர் வருகிறவர் யாரும் உட்கார்ந்து விளையாடுவதற்கு. பிள்ளைகளோடு போனால் உங்களுக்கு வேண்டியது இந்த இரண்டாவது வகை. மிச்ச இடமெல்லாம் கடைகள். ஒரு மூலையில், பழைய படைகளைப் பெட்டியோடு கொண்டுவந்து விலை எழுதி ஒட்டி விற்கும் ஒரு மேசை இருக்கும். விற்ற காசில் சிறு பங்கு கழகத்துக்கு. அந்த மேசையைச் சுற்றித்தான் நெருக்கம் அதிகம்.

இது ஏதோ ஊர்க்கோடியில் நடக்கிற விஷயம் என்று நினைக்கவேண்டாம். லண்டனில் நடக்கிற பெரியதின் பெயர் சல்யூட். சவுத் லண்டன் வோர்லோர்ட்ஸ் என்ற கழகம் 1970களில் தொடங்கி நடத்திவருகிறது. வழக்கமாக ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை, எக்செல் மண்டபத்தில். கோவிட் வந்தபோது 2020இல் ஆஸ்பத்திரியாக மாற்றினார்களே, அந்த எக்செல்தான். ஈஸ்ட்ஹாமும் அதுவும் ஒரே நியூஹாம் பரோ. கிரீன் ஸ்ட்ரீட்டுக்கு முருங்கைக்காய் வாங்க வருகிற தூரம்கூட உங்களில் பலருக்கு இல்லை. நியூவார்க்கில் பார்ட்டிசன் என்று ஒன்று, அது ஞாயிற்றுக்கிழமை. யோர்க், லீட்ஸ், ஸ்கொட்லாந்தின் ஃபோல்கேர்க் என்று நாடெங்கும் ஊர்க் கழகங்கள் சிறிதும் பெரிதுமாக நடத்துகின்றன. விளையாட்டு மண்டபம், குதிரைப் பந்தய மைதானம், பள்ளிக்கூடம், எங்கே இடம் கிடைக்கிறதோ அங்கே.

நாங்கள் குடும்பமாகப் போனது அப்படி ஒரு சிறிய ஊரின் விளையாட்டு மண்டபத்துக்கு. பதினொரு வயது மகனுக்குப் பள்ளிக்கூடத்தில் வோர்ஹாமர் என்ற பொம்மைப் போர் விளையாட்டின் பைத்தியம் பிடித்திருந்தது. அந்தப் பைத்தியம் உங்கள் வீடுகளிலும் இருக்கலாம். அதைச் செய்கிற நொட்டிங்ஹாம் கம்பனி 2024 டிசம்பரில் லண்டன் பங்குச் சந்தையின் முதல் நூறு கம்பனிகளில் ஒன்றாகிவிட்டது. எத்தனை பெற்றோரின் காசு அதில் இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். கூடவே எட்டு வயது மகள், கணவர், அம்மா. அம்மாவைக் கூட்டிப் போகிற எண்ணம் இருக்கவில்லை. வீட்டில் தனியே இருக்கமாட்டேன் என்று அவரே ஏறிக் காரில் இருந்துவிட்டார்.

உள்ளே போனதும் அம்மாவின் கண்ணில் முதலில் பட்டது வீரர்கள் அல்ல, வயல். பழுத்த கோதுமை வயல், பொன்னிறமாய், நெருக்கமாய். குனிந்து பார்த்துவிட்டு, "இது தும்பெல்லோ?" என்றார். தும்புதான். கால் துடைக்கும் தும்புத் தடுக்கை வெட்டி, அங்கங்கே கத்தரித்து, ஓரத்தில் கொஞ்சம் பச்சைத் தூள் ஒட்டியிருக்கிறார்கள். அதைச் செய்தவர் எழுபது வயது மதிக்கத்தக்க ஒரு வெள்ளைக்காரர். வோர்கேம்காரர் எல்லோரும் கோதுமை வயலுக்கு இதைத்தான் பிடிப்பார்களாம், இதைவிட நல்ல கோதுமை இன்னும் யாரும் கண்டுபிடிக்கவில்லையாம். தேங்காய் மட்டையை உப்பங்கழியில் ஊறப்போட்டுத் தடியால் அடித்துத் தும்பு எடுப்பது எப்படி என்று அம்மா தமிழில் சொல்ல, நான் பாதி ஆங்கிலமாக்க, அந்த மனிதர் உண்மையான ஆர்வத்தோடு கேட்டுக்கொண்டு நின்றார். அவர் வாழ்க்கையில் நூறு தடுக்கு வெட்டியிருப்பார். அது எப்படி வந்தது என்று அன்றைக்குத்தான் கேட்டாராம்.

அந்த மண்டபத்தில் என்னைப் பிடித்து வைத்தது இந்தக் கைவேலைதான். ஆறு என்று நாம் பார்ப்பது வார்த்த பிசின். குன்று என்பது சூடான கம்பியால் அறுத்த நுரைப்பலகை. புல் என்பது நிலைமின்சாரத்தால் நிமிர்ந்து நிற்கவைத்து ஒட்டிய நார். மகன் ஒரு மேசையில் உட்கார்ந்தான். அங்கே ஒரு பொம்மையையும் தூரிகையையும் கையில் தந்து வர்ணம் தீட்டக் கற்றுக்கொடுக்கிறார்கள்; முடித்த பொம்மை பிள்ளைக்கே. அவனுக்குக் கிடைத்தது ஒரு மேளமடிக்கும் பையன். சிவப்புச் சட்டை, வெள்ளைக் காற்சட்டை, தோல் நிறம் என்று அடித்தான். சட்டையின் சிவப்பு கழுத்தில் வழிந்தது. எனக்கு மனம் பதைத்தது, சொல்லிக்கொடுத்த பெண்மணி அசையவே இல்லை. கடும் மண்ணிறத்தில் தண்ணீர் போன்ற ஒரு வர்ணத்தை எடுத்து மேலே தடவச் சொன்னார். அது மடிப்புகளுக்குள்ளும் விரல் இடுக்குகளுக்குள்ளும் தானே ஓடிப்போய் நின்றது. காய்ந்த பிறகு பார்த்தால், கழுத்தில் வழிந்த சிவப்பு சட்டைக் கழுத்தின் நிழலாகிவிட்டது. கடைசியில், வர்ணத்தைத் துணியில் துடைத்துக் கிட்டத்தட்டக் காய்ந்துபோன தூரிகையால் மேடான இடங்களை மட்டும் மெல்ல உரசவைத்தார். முகத்தில் மூக்கு வந்தது. முக்கால் மணி நேரம் என் மகன் தலை நிமிரவில்லை. வீட்டில் ஆத்திசூடி நாலு வரி எழுதவைக்க நான் படுகிற பாடு உங்களுக்குத் தெரியும்.

மகளின் கதை வேறு. கி.பி. 793இல் இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையில் லிண்டிஸ்ஃபார்ன் மடத்தை வைக்கிங்குகள் கொள்ளையடித்தார்கள் என்று இங்கே பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறார்கள். அதை ஒட்டி ஒரு மேசை. நாலு பிள்ளைகளுக்கு ஆளுக்கு ஆறு வைக்கிங், ஒரு படகு. கரையில் இறங்கி, மடத்தில் உள்ளதை எடுத்துக்கொண்டு, சுற்றுவட்டாரப் படை வருவதற்குள் படகுக்குத் திரும்பவேண்டும். மடத்துக்குள் பொன் கிண்ணம், வெளியே பட்டியில் பன்றிகள். மற்றப் பிள்ளைகள் பொன்னுக்கு ஓட, இவள் பன்றிகளைப் பிடிக்கப் போனாள். பன்றி எந்தப் பக்கம் ஓடும் என்பதற்கும் தாயக்கட்டை உருட்டவேண்டும்! இவள் ஒவ்வொரு பன்றிக்கும் பெயர் வைத்துக் கூப்பிட்டுக்கொண்டு கலைத்தாள். மேசைக்காரர் சிரிப்பை அடக்கமுடியாமல், பெயர் வைத்த பன்றிக்கு ஒரு புள்ளி கூட என்று அந்த இடத்திலேயே ஒரு விதி போட்டார். அப்படியும் தோற்றாள். கடைசிக் கட்டை ஒன்று விழுந்தது, கரையில் சறுக்கிப் படகைத் தவறவிட்டாள். உதடு துடித்தது, ஆனால் வென்ற பொடியன் கையை நீட்ட, இவளும் நீட்டினாள். அங்கே அதுதான் வழக்கம். தோற்றாலும் வென்றாலும் கைகுலுக்கிவிட்டுத்தான் எழும்பவேண்டும்.

பெண் பிள்ளைகளுக்கு அங்கே என்ன வேலை என்று கேட்பவர்களுக்கு ஒன்று. ஆங்கில எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸ் 1913இல் பொம்மை வீரர்களை வைத்து விளையாட ஒரு விதிநூல் எழுதினார். இன்றைய வோர்கேமின் தொடக்கம் அதில்தான் என்பார்கள். அதன் துணைத் தலைப்பிலேயே, பன்னிரண்டு முதல் நூற்றைம்பது வயது வரையான ஆண் பிள்ளைகளுக்கு என்று சொல்லிவிட்டு, ஆண்பிள்ளைகளின் விளையாட்டை விரும்பும் கூடிய புத்தியுள்ள பெண்பிள்ளைகளுக்கும் என்று சேர்த்திருக்கிறார். நூறு வருடத்துக்கு முந்திய பகிடி, ஆனால் மண்டபத்துக்குள் போனால் ஆண்கள்தான் அதிகம் என்பது இன்றைக்கும் உண்மை. ஐம்பது தாண்டிய ஆண்கள், தாடியோடு, முதுகுப்பையோடு. மண்ணிற முகங்கள் விரல்விட்டு எண்ணலாம். யாரும் எங்களை விறைத்துப் பார்க்கவில்லை. நேரே வந்து எந்தச் சண்டையில் விருப்பம் என்றுதான் கேட்டார்கள்.

சரி, இப்போது அந்தத் தகப்பனின் கேள்விக்கு வருகிறேன்.

இந்த விளையாட்டு வெள்ளந்தியான இடத்திலிருந்து வந்தது என்று நான் சொல்லமாட்டேன். சதுரங்கத்தை நீட்டி, ஆயிரத்துக்கும் மேற்பட்ட கட்டங்கள் போட்டு, 1780இல் ஜெர்மனியின் பிரன்ஸ்விக்கில் ஹெல்விக் என்பவர் ஒன்று செய்தார். அந்தக் கால ஜெர்மன் அரசுகளில் ஒன்றான பிரஷ்யாவில் ரைஸ்விட்ஸ் என்பவர் 1812இல் அரசருக்கு ஒரு போர்மேசை செய்து காட்டினார். அவருடைய மகன், ஒரு லெப்டினன்ட், அதை வரைபடத்துக்கு மாற்றி 1824இல் தளபதி முஃப்லிங் முன் விளையாடிக் காட்ட, இது விளையாட்டே இல்லை, போர்ப்பயிற்சி என்று அவர் சொல்லி, படைக்கெல்லாம் பரிந்துரைத்தார். ஆக, பிறப்பு படைமுகாமில்தான்.

வெல்ஸ் அதைத் திருப்பினார். ஸ்பிரிங் வைத்த பொம்மைப் பீரங்கியால் மரக்குச்சி சுட்டு, வீட்டுத் தரையில் விளையாடிய அவர், அதே நூலின் முடிவில் எழுதுவது இதுதான்: மூன்று நாலு தடவை இப்படி விளையாடினாலே நிஜப்போர் எவ்வளவு மொக்கு வேலை என்று விளங்கிவிடும். போர் வெறி பிடித்த அரசர்களையும் சனத்தைப் பயமுறுத்துகிறவர்களையும் தக்கைத் தரை போட்ட ஒரு பெரிய மண்டபத்தில் பொம்மைகளோடு அடைத்துவிடுங்கள், நாங்கள் எங்கள் வேலையைப் பார்ப்போம் என்கிறார். அடுத்த வருடம், 1914இல், முதலாம் உலகப் போர் வந்தது. யாரையும் அடைக்க முடியவில்லை.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு இந்த விளையாட்டை இங்கே வளர்த்தவர்களைப் பாருங்கள். டொனால்ட் ஃபெதர்ஸ்டோன் டாங்கிப் படையில் இருந்தவர், பிறகு பிசியோதெரபிஸ்ட். பீட்டர் யங் கமாண்டோ, பிரான்சின் டியெப்பில் கரையிறங்கியவர். போர் என்றால் என்ன என்று தெரியாமல் மேசைக்கு வந்தவர்கள் அல்ல. ஏன் வந்தார்கள் என்று எனக்கு முழுதாக விளங்கவில்லை. ஆனால், போரைக் கண்டவன் பொம்மையைத் தொடமாட்டான் என்று நாங்கள் கூட்டத்தில் சொன்னது சரியில்லை என்பது மட்டும் தெரிகிறது.

பிடிக்காதவற்றையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் யாராவது போய்ப் பார்த்துவிட்டு என்னைப் பிடித்துத் தின்பீர்கள். ஹிட்லரின் எஸ்எஸ் படையைப் பெட்டி பெட்டியாக விற்கும் கடைகள் உண்டு. அந்தச் சீருடையின் பொத்தானைப் பற்றி மணிக்கணக்காகப் பேசும் ஆட்களும் உண்டு. நான் பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டு தாண்டிப் போய்விடுவேன். நேற்று முந்தநாள் நடந்த போர்களை மேசையில் வைப்பவர்களும் இருக்கிறார்கள். எங்கள் போரை யாராவது வைத்தால் நான் அந்த மண்டப வாசலையே மிதிக்கமாட்டேன். வாட்டர்லூவை நின்று ரசிக்கிறாய், வன்னியை ஏன் முடியாது என்று என் கணவர் கேட்டார். இருநூறு வருடம் கழித்து யாராவது வைக்கட்டும், அப்போது நான் இருக்கமாட்டேன் என்றேன்.

அம்மாவைப் பற்றித்தான் எனக்குப் பயம். அவர் ஒரு மேசையின் முன் கனநேரம் நின்றார். பிரான்சின் நோர்மண்டி, 1944. சாம்பல் நிறக் கல்வீடுகள், தேவாலயம், உடைந்த கூரைகள். ஒரு வீட்டின் சுவர் விழுந்து, உள்ளே கட்டிலும் அலமாரியும் தெரிந்தன. அலமாரிக் கதவு நகத்தின் பாதி அளவு, அது திறந்து கிடந்தது. ஒழுங்கையில் டாங்கி, மதிலோரம் சிப்பாய்கள். அம்மா என்னிடம் திரும்பி, "இந்த ஊர்ச் சனமெல்லாம் எங்கை?" என்று கேட்டார்.

மேசைக்காரர் என்ன கேட்கிறார் என்று என்னைப் பார்த்தார். மொழிபெயர்க்கத் தயக்கமாக இருந்தது, ஆனாலும் சொன்னேன். அவர் சமாளிக்கவில்லை. விதிகளில் அவர்களுக்கு இடம் இல்லை என்றார். பிறகு தானாகவே தொடங்கினார். அந்தச் சண்டையில் பிரெஞ்சுப் பொதுமக்கள் ஏறத்தாழ 20,000 பேர் செத்தார்கள், கூடுதலானோர் நேச நாடுகளின் குண்டுவீச்சில். கான் நகரத்தில் சனம் ஒரு பழைய மடத்துத் தேவாலயத்துக்குள்ளும், ஊருக்கு வெளியே கல்லுடைக்கும் சுரங்கங்களுக்குள்ளும் வாரக்கணக்காக இருந்தது. இதையெல்லாம் கையில் ஒரு டாங்கியைப் பிடித்துக்கொண்டே சொன்னார். அம்மா, "எங்கடையும் அப்பிடித்தான், கோயிலும் பள்ளிக்கூடமும்" என்றார். அதையும் மொழிபெயர்த்தேன்.

தேத்தண்ணி குடிக்க இருந்தபோது மகன் விடவில்லை. எந்தக் கோயில், ஏன் போனீர்கள் என்று அம்மம்மாவைத் துளைத்தான். 1995 ஒக்ரோபர் 30 இரவு. யாழ்ப்பாணத்தில் வலிகாமம் முழுக்கச் சண்டைக்குத் தப்பி ஒரே இரவில் எழும்பி நாவற்குழிப் பாலத்துப் பக்கம் நடந்த கதை. மழை, ஒரே ஒரு பாதை, அடியெடுத்து வைக்க இடமில்லாத சனம், சைக்கிளில் கட்டிய அரிசி மூட்டை, விட்டுவிட்டு வந்த பசுமாடு. சாவகச்சேரியில் ஒரு பள்ளிக்கூட விறாந்தை. பாலத்தைக் கடக்க எத்தனை மணி நேரம் என்று அவன் கேட்டான். மேசையில் எல்லாவற்றுக்கும் அளவு நாடா வைத்த பழக்கம். அம்மா சிரித்தார், பிறகு யோசித்துப் பதில் சொன்னார். அந்தக் கதை எனக்குத் தெரியும், நானும் அந்த வீதியில் நடந்தவள்தான். பிள்ளைகளுக்கு நாங்கள் யாரும் சொன்னதில்லை. சொல்லக்கூடாது என்று ஒரு தீர்மானமும் எடுக்கவில்லை, பேச்சு அந்தப் பக்கம் போனதே இல்லை. ஒவ்வொரு நவம்பரிலும் போரில் இறந்தவர்களுக்காக விளக்கேற்றுகிறோம், பிள்ளைகள் பாட்டுப் பாடுகிறார்கள், வீட்டுக்கு வந்து படுக்கிறார்கள். நிகழ்ச்சியாக நடத்துவதில் கேள்வி கேட்க நேரம் கிடைப்பதில்லை. ராட்டினத்தில் சுற்றிவிட்டு வந்திருந்தால் அவன் கேட்டிருப்பானா? எனக்குத் தெரிந்தவரை இல்லை.

ஆசிரியர்களுக்குத் தனியாக ஒன்று. வரலாறு என்றால் நாங்கள் சோழர் கடற்படையோடு தொடங்கி அங்கேயே நிற்கிறோம். பிரிட்டிஷ்காரரின் மேசையில் அசாயே அடிக்கடி வரும் சண்டைகளில் ஒன்று. 1803 செப்டெம்பர் 23, இன்றைய மகாராஷ்டிரத்தில், மராத்தியருக்கு எதிராக வெலஸ்லி, பிறகு வெலிங்டன் ஆனவர். தன்னைவிடப் பன்மடங்கு பெரிய படை கைத்னா ஆற்றுக்கு அப்பால் நிற்க, கடவை இல்லை என்று வழிகாட்டிகள் கைவிரிக்க, ஆற்றின் இரு கரையிலும் ஒன்றுக்கொன்று நேரே இரண்டு கிராமங்கள் இருப்பதைக் கண்டார். நடுவே நடந்து கடக்கும் இடம் இல்லாமல் இப்படி இரண்டு ஊர் இருக்காது என்று ஊகித்துப் படையை இறக்கினார், கடவை இருந்தது. இந்தக் கதையை அந்த மேசைக்காரர் சொல்லும்போது பிள்ளைகள் வாயைப் பிளந்து கேட்பார்கள். அவர் பெரும்பாலும் சொல்லாமல் விடுவது ஒன்றுண்டு. அந்தத் தண்ணீரில் இறங்கியவர்களில் பெரும்பங்கு கிழக்கிந்தியக் கம்பனியின் மதராஸ் சிப்பாய்கள், ஐந்து பட்டாலியன், தமிழும் தெலுங்கும் பேசியவர்கள். வெலஸ்லியின் படையில் அன்று செத்தும் காயப்பட்டும் போனவர்கள் 1,500க்கு மேல். மதராஸ் படைப்பிரிவுகளுக்கு யானைச் சின்னம் கிடைத்தது அதற்காகத்தான். அந்தப் பொம்மையின் கறுத்த முகத்தைக் காட்டி, இவன் யார், ஏன் அந்தப் பக்கம் நின்றான் என்று வகுப்பில் ஒரு மணி நேரம் பேசலாம். எனக்கே பதில் தெரியாத கேள்விகள் அதில் நாலைந்து இருக்கின்றன.

செலவு பற்றிச் சுருக்கமாக. பல கண்காட்சிகளில் பெரியவர்களோடு வரும் சிறுவர்களுக்குக் கட்டணம் இல்லை. விளையாட உட்காருவதற்கும் காசு கேட்பதில்லை. கடைப்பக்கம் போனால்தான் கை கடிக்கும். ஒரு பெட்டி பிளாஸ்டிக் வீரர்களுக்கு முப்பது பவுண் அளவில் போகும், அதற்குப் பிறகு வர்ணம், தூரிகை, பசை என்று நீளும். ஆகவே முதலே சொல்லி வையுங்கள்: பழைய சாமான் மேசை மட்டும், ஆளுக்கு ஐந்து பவுண். சாப்பாடு கட்டிக்கொண்டு போங்கள், உள்ளே விற்பது காய்ந்த பர்கர். ஆறு வயதுக்குக் கீழ் வேண்டாம். மேசை உயரம், பொருட்கள் நொய்மை, ஒரு கை பட்டால் யாரோ ஒருவரின் ஆறு மாத உழைப்பு தரையில். தொடுவதற்கு முன் கேட்கவேண்டும் என்று பஸ்ஸிலேயே சொல்லிவிடுங்கள்.

கண்காட்சிக்குப் போக இன்னும் மனம் ஒப்பாதவர்கள் செல்சியில் உள்ள தேசிய இராணுவ அருங்காட்சியகத்துக்கு ஒருநாள் போய்ப் பார்க்கலாம், நுழைவு இலவசம். 1815இல் நெப்போலியன் தோற்ற வாட்டர்லூவில் இருந்து உயிரோடு திரும்பிய அதிகாரிகளுக்கெல்லாம் கடிதம் எழுதி, நீங்கள் அந்த மாலை எங்கே நின்றீர்கள் என்று கேட்டு, வில்லியம் சைபோர்ன் என்ற அதிகாரி செய்த போர்க்கள மாதிரியுரு அங்கே இருக்கிறது. 70,000க்கு மேற்பட்ட ஈயப் பொம்மைகள். 1838இல் காட்சிக்கு வைத்தார். அதைச் செய்து கடனாளியானதுதான் அவர் கண்ட பலன். தன்னோடு சேர்ந்து போரிட்ட பிரஷ்யப் படையை எவ்வளவு பெரிதாகக் காட்டுவது என்பதில் வெலிங்டனுக்கே அதிருப்தி. பொம்மை வைத்து உண்மை சொல்லப் போனால் பெரிய இடத்தில் முகம் சுளிப்பார்கள் என்பதற்கு அது ஒன்றே போதும்.

நான் கேட்பது இவ்வளவுதான். வருகிற நிர்வாகக் கூட்டத்தில் இதை நிகழ்ச்சி நிரலில் போடுங்கள், இரண்டு நிமிடத்துக்குப் பதில் இருபது நிமிடம் கொடுங்கள். சல்யூட் சனிக்கிழமையில் வருவதால் வகுப்பு குழம்பும் என்பது தெரியும். அன்றைக்கு வகுப்பே அங்கே என்று வைப்போம். மேல்வகுப்புப் பிள்ளைகள் ஒரு மேசையைத் தெரிவுசெய்து, யார் யாரோடு, ஏன் சண்டை பிடித்தார்கள், அந்த ஊர்ச் சனத்துக்கு என்ன நடந்தது என்று மேசைக்காரரிடம் ஆங்கிலத்தில் கேட்டு, தமிழில் ஒரு பக்கம் எழுதட்டும். தாத்தா பாட்டிமாரில் வர விரும்புகிறவர்களையும் கூட்டிக்கொள்வோம், விருப்பமில்லாதவர்களை வற்புறுத்தவேண்டாம். பூங்காவுக்கும் போகலாம், அது கோடை விடுமுறையில் கிடக்கும்.

மறுப்பு இருந்தால் கூட்டத்தில் நேரே சொல்லுங்கள். வாட்ஸ்அப் குழுவில் போடவேண்டாம். போன முறை அங்கே தொடங்கிய விவாதம் ஒரு பிறந்தநாள் வாழ்த்துக்கும் இரண்டு காலை வணக்கப் படத்துக்கும் நடுவே காணாமல் போய்விட்டது.

அன்புடன்,
ஈஸ்ட்ஹாமிலிருந்து ஒரு தாய்